ஏறாத எண்ணிக்கை

அடுப்புக்கப்பல் புது எரிபொருளோடு திரும்பி வந்து மூன்று வாரமாகியும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கை ஏறவில்லை என்பது உலகத்தில் பியூலா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் அவளுடைய வேலை.

கடல் உள்ளே வந்து வெள்ளாழியின் கிணறுகளெல்லாம் உப்பான பிறகு, ஊருக்குத் தண்ணீர் தருவதற்காக அந்தக் கப்பல் வந்தது. அதன் வயிற்றில் ஒரு சிறிய அணு உலை. உலையின் சூட்டில் கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து, குழாயில் அனுப்பினார்கள். பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. ஊர் அதை அடுப்புக்கப்பல் என்றுதான் சொன்னது. எரிபொருள் தீரும் சமயத்தில் கம்பெனி கப்பலை இழுத்துக்கொண்டு போகும். எங்கோ ஒரு துறைமுகத்தில் புதிதை ஏற்றித் திரும்பக் கொண்டுவரும். இந்த முறை புதுப் பெயின்டும் அடித்து, கொடிகள் கட்டி அழைத்து வந்தார்கள். கரையில் பட்டாசு வெடித்தது.

கப்பலுக்குப் பக்கத்திலேயே, கரையில் புதைந்த கான்கிரீட் அறையில் பியூலா வேலை செய்யும் ஆய்வுக்கூடம் இருந்தது. ஒரு தொட்டி நிறைய தெளிந்த எண்ணெய். உலையிலிருந்து ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோத் துகள்கள் கிளம்பி, சுவரையும் கடலையும் மனிதர்களையும் ஒன்றுமில்லாத வெளிபோல் ஊடுருவிப் போகும். அபூர்வமாக ஒன்று எண்ணெயில் மோதும். ஒரு சிறு மினுக்கு. அந்த மினுக்குகளை எண்ணுவார்கள். தொட்டி தண்டவாளத்தின் மேல் நின்றது. உலைக்குக் கிட்டே ஒரு வாரம், தள்ளி ஒரு வாரம் என்று நகர்த்தி நகர்த்தி எண்ணுவார்கள். போகிற வழியில் சில நியூட்ரினோக்கள் வேறொன்றாக மாறி, எதோடும் மோதாத, எந்தக் கருவிக்கும் அகப்படாத மலட்டு நியூட்ரினோவாகிவிடுகின்றனவா என்பதே கேள்வி. அப்படியானால், தள்ளிப் போவதால் இயல்பாகக் குறைவதைக் கணக்கில் சரிசெய்த பிறகும், தூரத்துக்குத் தூரம் எண்ணிக்கை அலைபோல் ஏறி இறங்க வேண்டும்.

அந்தத் துகளை இதற்கு முன் பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறகு இல்லையென்று ஆகியிருக்கிறது. தேடுகிறவனின் ஆசை கணக்குக்குள் கலந்துவிடும் என்பதால் பேராசிரியர் சாரங்கபாணி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்துவிடுவது. எந்தத் தேதியில் எத்தனை என்பது பியூலாவிடம். அவளுக்குத் தூரம் தெரியாது. எந்தத் தூரத்தில் எத்தனை என்பது முபீனாவிடம். அவளுக்குத் தேதி தெரியாது. இரண்டு பாதிகளும் சேரும் நாளுக்குப் பெட்டி திறப்பு என்று பெயர். அதுவரை இருவரும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. முகத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம் என்பதால் சாப்பாட்டு அறையில்கூட இரண்டு மேஜைகள். முபீனா சில நாட்களில் தன் வீட்டில் செய்த வட்டிலப்பத்தை ஒரு கிண்ணத்தில் பியூலாவின் மேஜையில் வைத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுவாள். பியூலா கிண்ணத்தைக் கழுவித் திரும்ப வைப்பாள். நான்கு வருடமாக அவர்களுடைய நட்பு அவ்வளவுதான்.

பியூலாவின் பாதியில் ஏற்றம் வரவில்லை.

புது யுரேனியம் எரியும்போது நியூட்ரினோக்கள் அதிகம் வரும். எரிய எரிய உள்ளே புளூட்டோனியம் சேரும். அது எரியும்போது வருவது குறைவு. ஆகவே எரிபொருள் கிழடாக ஆக எண்ணிக்கை மெல்ல இறங்கிக்கொண்டே போகும். புதிதை மாற்றினால் ஒரே தாவலாக மேலேறும். கப்பல் போவதற்கு முன் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் வந்த பிறகு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து இறங்கியது. நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். எண்ணெய் மங்கிவிட்டதா என்று பார்த்தாள். மினுக்கைப் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அளவு தெரிந்த கதிர்வீச்சு மூலம் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அப்படியானால் பெயின்ட் மட்டும்தான் புதிது.

சாரங்கபாணி தன் அறையில் பொரி அரிசி தின்றுகொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். எழுபது வயது மனிதர் அப்படிச் செய்ததைப் பார்க்கச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

"சொல்லாதே பியூலா. இன்னும் ஒரு மாசம்தான்."

"திங்கட்கிழமை உலையை முழுச் சக்திக்கு ஏத்தறாங்க சார். கோடைக்கு."

"அதுக்கும் நமக்கும் என்ன?"

"உள்ளே இருக்கிறது பழைய எரிபொருள். தடிகளோட உறையெல்லாம் மெலிஞ்சிருக்கும். இப்போ பாதிச் சக்தியில ஓடுறதால தாங்குது. முழுசா ஏத்தினா வெடிப்பு விடும், உள்ளே இருக்கிற விஷம் கசியும். அந்தச் சூட்டுலதான் ஊருக்குத் தண்ணி காய்ச்சறாங்க."

அவர் கைகளை எடுத்தார். முகம் சுருங்கியிருந்தது. "சொல்லிட்டியே."

"பாதிதான் சொன்னேன்."

"இதோ பார். நீ பார்க்கிறது குறைவு. நியூட்ரினோ குறையுது. நாம என்ன தேடுறோம்? குறையிற நியூட்ரினோவை! ஒருவேளை நீ பார்க்கிறதே அதுவா இருந்தா? பெட்டியைத் திறந்தாத்தான் தெரியும்."

"மலட்டு நியூட்ரினோவுக்குக் காலண்டர் தெரியாது சார். அதுக்குத் தூரம்தான் கணக்கு. இது தேதியோட வர்ற பிரச்சினை. ஏற வேண்டிய நாள்ல ஏறலை."

"உன் கணக்கு தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ஊருக்கு நாலு நாள் தண்ணி வராது. சரியா இருந்தா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. முப்பது வருடமாக ஒரே துகளைத் தேடி, அவசரப்பட்டவர்கள் அவமானப்பட்டதை எல்லாம் கண்ணால் கண்டவர். "பெட்டியை முன்னாடி திறந்தா இந்தப் பரிசோதனை செத்துப்போச்சு. நாம என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. முபீனாவோட ஆய்வுப் பட்டம், உன்னோட இத்தனை வருஷம், எல்லாம். யாராவது ஒருத்தராவது கட்டுப்பாட்டோட இருந்தாங்கன்னு இருக்கட்டுமே அம்மா."

"பொய் சொல்றவங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. நமக்கு மட்டும் இருக்கு. அதனாலதான் அவங்க பொய் நம்ம பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு."

அவள் அன்றே அணு உலைப் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் மரியாதையாகத் தேநீர் கொடுத்தார். ஆய்வுக்குழுத் தலைவர் வந்து சொன்னால் மட்டுமே தன்னால் கப்பலுக்குள் ஆள் அனுப்ப முடியும் என்றார். கம்பெனி ஏற்கெனவே எரிபொருள் மாற்றிய சான்றிதழைக் கொடுத்துவிட்டது. ஒரு பெண் வந்து தொட்டியில் மினுக்கு குறைவாக இருக்கிறது என்று சொல்வதை எந்தத் தலைப்பில் பதிவது என்று உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் பியூலா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் முபீனாவின் எதிரே உட்கார்ந்தாள்.

முபீனா நிமிர்ந்தாள். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "அக்கா, எந்திரிங்க. யாராவது பார்த்துருவாங்க."

"பார்க்கட்டும்."

"விளையாடாதீங்க அக்கா."

பியூலா சொன்னாள். ஏறாத எண்ணிக்கையை, பெயின்டை, அதிகாரியின் தேநீரை, திங்கட்கிழமையை. மெதுவாக, தேதி தேதியாகச் சொன்னாள். நடுவில் முபீனா ஒருமுறை எழுந்து கதவுவரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றில் விழுந்தது.

"நாலு வருஷம் அக்கா. நாலு வருஷமா நான் ஒரு தேதிகூடப் பார்க்காம இருந்தேன். சுவத்துல காலண்டர் இருந்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பி உக்காருவேன். பைத்தியக்காரின்னு எங்க வாப்பா சிரிப்பாங்க. இப்ப எல்லாத்தையும் கொட்டிட்டீங்க."

"தெரியும்."

"ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? சாரை நான் கெஞ்சுறேன். பெட்டியை முறைப்படி சீக்கிரம் திறக்கச் சொல்றேன்."

"திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. அவர் சம்மதிக்க மாட்டார். நான் கேட்டுட்டேன்."

முபீனா தட்டை ஒதுக்கி வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். பிறகு, "உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றாள்.

"ஆமா."

"இந்தத் தண்ணியைத்தான் நாமளும் குடிக்கிறோம், இல்ல?" மேஜையில் இருந்த டம்ளரை விரலால் நகர்த்தினாள். "சரி. யாருகிட்ட சொல்லப் போறீங்க? அதிகாரி கேக்கல, சார் கேக்கல. வேற யாரு கேப்பா?"

"குடிக்கிறவங்க கேப்பாங்க."

வெள்ளாழியில் காலை எட்டு மணிக்கு எல்லாரும் இருக்கும் ஒரே இடம் மீன் ஏலக்கூடம். ஏலம் விடுகிற சலேத்தம்மாளின் கையில் ஒலிபெருக்கி இருந்தது. அவளுடைய குரலுக்கு அது தேவையில்லை என்று ஊரே சொல்லும். மறுநாள் முபீனா அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினாள். பியூலா சூரை மீன் குவியல்களுக்கு நடுவே வழுக்கி வழுக்கி நடந்து போய் மைக்கைக் கேட்டாள்.

"யாருளா இவ, ஏலத்துக்கு நடுவுல? தொட்டிக்காரியா? மீன் வேணும்னா வரிசையில நில்லு."

"மீன் வேண்டாம்க்கா. அடுப்புக்கப்பலைப் பத்தி ஒரு விஷயம்."

"கப்பலுக்குத்தான் பெயின்ட் அடிச்சாச்சே. கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்குது."

"அதான் விஷயமே. ஐஸ்ல வச்ச பழைய சூரையைப் புதுசுன்னு சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"செவுளைத் தூக்கிப் பார்ப்போம். நீ பார்க்க மாட்டே. போன வாரம் உனக்கு நான்தானே வித்தேன்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. பியூலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சலேத்தம்மாள் மைக்கைக் கொடுத்துவிட்டாள், இன்னும் ஏதாவது வேடிக்கை கிடைக்கும் என்று.

பியூலா சொன்னாள். கப்பலின் செவுளைத் தூக்க முடியாது. சுவர் அவ்வளவு கனம். ஆனால் அந்தச் சுவரை மதிக்காத ஒன்று உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கிறது. யாராலும் அதை அடைத்து வைக்க முடியாது, கம்பெனியாலும் முடியாது. அது வருகிற அளவை வைத்து உள்ளே எரிவது புதிதா பழையதா என்று சொல்லலாம். பழையது.

"அந்த மலட்டு நியூட்ரினோன்னு பேப்பர்ல போட்டானே, அதுவா?" என்றாள் ஒரு கூடைக்காரி.

"அது வேற. அது கண்ணுக்கே அகப்படாது. எதோடயும் சேராது."

சலேத்தம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "சேராட்டி மலடா? எவன்ளா பேரு வச்சான்? சேராம இருக்கிறது அதோட இஷ்டம்!"

மறுபடி சிரிப்பு. ஆனால் பின்னாலிருந்து ஒரு படகுக்காரர் சிரிக்காமல் கேட்டார். "உங்க பெரிய சார் என்ன சொல்றாரு?"

"காத்திருக்கச் சொல்றார்."

"நீ சொல்றது தப்பா இருந்தா?"

"இருக்கலாம்" என்றாள் பியூலா. "நூத்துல ஒரு பங்கு இருக்கலாம். நான் எங்கேயும் ஓடிப்போகல, இங்கதான் இருப்பேன். வந்து கேளுங்க. ஆனா கப்பலைத் திறந்து காட்டச் சொல்றதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? புதுசா இருந்தா அவங்களுக்குத்தானே பெருமை?"

ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. சலேத்தம்மாள் மைக்கைப் பிடுங்கினாள்.

"கேட்டுக்கிட்டீகளா? செவுளைத் தூக்கிக் காட்டுறவரைக்கும் வாங்குறதில்லை. இந்தக் கூடத்துல நாம வச்ச சட்டம்தானே? கப்பலுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வள்ளத்தை எடுங்க."

கப்பல் கடல்நீரை உறிஞ்சும் குழாயின் வாயருகே படகு நின்றால் உலையின் சக்தியை ஏற்ற விதி இடம் தராது. ஞாயிறு மதியம் அங்கே வலைப்படகும் வள்ளமும் கட்டுமரமுமாக நெருக்கியடித்து நின்றன. வேற்றூர்ப் படகுகளும் வந்திருந்தன. அறிவியலுக்கு எதிரான கும்பல் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்தக் கும்பலின் முதல் படகில், கையில் ஒரு வரைபடத்தோடு பியூலாவும் குமட்டிக்கொண்டு முபீனாவும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியின் விசைப்படகு வந்து ஒலிபெருக்கியில் சட்டப் பிரிவுகளைப் படித்தது. சலேத்தம்மாள் பதிலுக்குச் சூரையின் விலையைப் படித்தாள்.

மூன்றாம் நாள் சாரங்கபாணி கரைக்கு வந்தார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நிருபர்கள் சூழ்ந்தார்கள். "நேத்து ராத்திரி தேதிக் கணக்கைத் திறந்து பார்த்தேன்" என்றார். "அந்தப் பெண் சொல்வது சரி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் குடையை மடக்கி, ஒரு வள்ளத்தில் ஏற இடம் கேட்டார்.

அதன் பிறகுதான் அரசு ஆய்வாளர்கள் வந்தார்கள். உலையை அணைத்துத் திறந்தார்கள். உள்ளே பழைய தடிகள் அப்படியே இருந்தன. பலவற்றின் உறையில் மயிரிழை போல வெடிப்புகள். கம்பெனி ஒப்பந்தக்காரரைக் கை காட்டியது. ஒப்பந்தக்காரர் ஒரு துறைமுகத்தைக் கை காட்டினார். விசாரணை இன்றுவரை நடக்கிறது.

ஊர் அவளுக்கு மாலை போட்டது என்று கதையை முடித்தால் நன்றாக இருக்கும். அடுப்புக்கப்பல் போனதும் தண்ணீரும் போனது. மழைவரை லாரித் தண்ணீர்தான். வரிசைகளில் சண்டை வந்தது. ஒரு சண்டையில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. வெடித்த பிறகு பார்த்திருக்கலாமே, அதுவரை தண்ணீராவது வந்திருக்கும் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பியூலா குடத்தோடு அதே வரிசையில் நின்றாள். ஒருநாள் ஒருவன் அவளைப் பார்த்துக் காறித் துப்பினான். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

வேறு கப்பல் வருகிறது என்று உறுதியான வாரத்தில், மூவரும் ஆய்வுக் கட்டுரையை எழுத உட்கார்ந்தார்கள். சாரங்கபாணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெட்டி திறப்பதற்கு முன் இரண்டு பாதிகளும் தவறுதலாகக் கலந்துவிட்டன என்று ஒரு வரி போதும். எல்லாக் கூடத்திலும் நடக்கிறதுதான். மன்னிப்பாங்க."

"தவறுதலா கலக்கல சார். நான் கலந்தேன்."

"அப்படி எழுதினா உன்னை இனிமே எந்தக் குழுவும் சேர்த்துக்காது."

"கட்டுப்பாட்டை எப்போ உடைக்கணும்னு தெரிஞ்சு உடைச்சதா ஒரு இடத்துலயாவது எழுதியிருக்கட்டும். அடுத்து எவளாவது இப்படி உக்காந்திருப்பா. அவளுக்கு உதவும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அந்த வரியை அவள் சொன்னபடியே தானே தட்டச்சு செய்தார். அவள் பெயரோடு தன் பெயரையும் சேர்த்தார்.

அவர் போன பிறகு முபீனா தன் கணினியை பியூலாவின் பக்கம் திருப்பினாள். "அக்கா, இதைப் பாருங்க."

திரையில் தூரக் கணக்கு. தொட்டி உலைக்குக் கிட்டே நின்றபோது எண்ணிக்கை ஓர் அளவு. கொஞ்சம் தள்ளிப் போனால் பள்ளம். இன்னும் தள்ளிப் போனால் மறுபடி மேடு. மறுபடி பள்ளம். அழகான, மென்மையான ஓர் அலை.

பியூலா திரைக்குக் கிட்டே குனிந்தாள். எரிபொருள் பழையதோ புதியதோ, அதனால் எல்லாத் தூரத்திலும் ஒரேபோல்தான் குறையும். அலை வராது. இந்த அலைக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அவள் கனவில் கண்ட கோடு அது.

"எப்போ பண்ணினே இதை?"

"நீங்க என் மேஜைக்கு வந்தீங்களே, அதுக்கு முந்தின வாரம். தேதி ஒண்ணும் தெரியாமத்தான் போட்டேன். சுத்தமா. ஆனா அதுக்குச் சாட்சி யாருமில்லை. இப்போ காட்டினா, உங்க பாதியைக் கேட்ட பிறகு நானா வளைச்சேன்னு சொல்வாங்க."

"முபீனா!" பியூலா அவள் கையைப் பிடித்தாள். "அன்னிக்கே ஏன் சொல்லலை?"

முபீனா கணினியின் ஓரத்தைத் துடைத்தாள், அங்கே தூசி இல்லாவிட்டாலும்.

"சொன்னா நீங்க நின்னுருவீங்களோன்னு பயந்தேன் அக்கா. ஒரு நிமிஷம், எனக்கு அதுதான் வேணும்னும் இருந்துச்சு. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தமும் குடங்கள் உருளும் சத்தமும் கேட்டன. பியூலா அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் வேறு யாரும் பார்த்திராத ஒன்றை இரண்டு பேர் பார்க்கிறார்கள். யாரும் நம்பப் போவதில்லை.

"வேற எந்த நாட்டுலயாவது ஒருத்தன் கண்டுபிடிப்பான்" என்றாள் முபீனா. "அவன் பேரைப் போடுவாங்க."

"போடட்டும். அவனுக்கு முன்னாடி நாம எண்ணி முடிச்சாலும் முடிச்சுருவோம்."

"யாருக்கா நம்மளை நம்புவா?"

"நம்பாட்டிப் போறாங்க. எண்ணுறதுக்கு யார் நம்பணும்?" பியூலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எண்ணெயை மாத்தணும். கப்பல் வர்றதுக்குள்ள வேலை நிறைய கிடக்கு. வா."